நாலு மொழி இமாஸ்

பையை மேசைக் காலில் மாட்டிவிட்டு, முக்காட்டு விளிம்பில் செருகியிருக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, இமாஸ் முதலில் செய்கிற காரியம் நேற்று எழுதிய நிரலில் கொஞ்சத்தை அழிப்பது. ஒரு நாள் நாலு வரி போகும். ஒரு நாள் அரைப் பக்கம் போகும். அழித்து முடிக்கும்வரை யாருக்கும் வணக்கம் கிடையாது. பக்கத்தில் பொட்டலம் பிரிக்காமல் இருக்கும் கோழிக் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும்.

"நேத்து நாலு மணிக்கு மேல எழுதினதெல்லாம் பசியில எழுதினது, காங். அப்படியே நம்பிடக் கூடாது" என்பார் என்னிடம்.

காங் என்றால் இந்த ஊர்ப் பேச்சில் அண்ணன். அவரைவிட நான் நாலு வயது மூத்தவன். மேடானிலிருந்து பாண்டுங்குக்கு வந்து, இந்த அலுவலகத்தில் பதினொரு வருடமாக மென்பொருள் கையேடுகள் எழுதுகிறேன். எங்கள் மேசைகளுக்கு நடுவே ஒரு அச்சு இயந்திரமும், எப்போதும் காலியாகிக்கொண்டே இருக்கும் பிஸ்கட் டப்பாவும் மட்டும்தான். அலுவலகத்தின் மற்ற முப்பது பேரும் அவரை 'தெத்தே' என்கிறார்கள். அக்கா. முதலாளி வாஹ்யு மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஒரு வாடகை வீட்டில் ஏழு பேருடன் கம்பெனி ஆரம்பித்தபோது அந்த ஏழில் ஒருவர் இமாஸ்.

நாங்கள் செய்வது அரசு சுகாதார நிலையங்களுக்கான மென்பொருள். மலையிலும் வயல் நடுவிலும் இருக்கிற அறுபத்து மூன்று சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில், யார் வந்தார், என்ன நோவு, என்ன மருந்து என்று குறித்துவைக்கும் நிரல். அதில் பெரும்பங்கு இமாஸ் எழுதியது. முகப்பில் எங்கும் அவர் பெயர் இருக்காது. ஆனால் உள்ளே போனால், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அவர் பெயரும் மாதமும் வருடமும் இருக்கும். மற்றவர்கள் இப்போது அப்படிப் போடுவதில்லை. மாற்றங்களையெல்லாம் கணினியே குறித்துக்கொள்கிறது, எதற்கு வீண் வேலை என்பார்கள். "மிஷின் குறிச்சா அது வருகைப் பதிவேடு. நான் போட்டா அது கையெழுத்து" என்பார் இமாஸ்.

மஜாலயாவில் பிறந்தவர். அப்பா தறி மெக்கானிக். வணிகப் பள்ளியில் தட்டச்சு படித்துவிட்டு, பத்தொன்பது வயதில், லுங்கிபோல் சாரோங் நெய்யும் ஓர் ஆலையில் கணினியில் விவரம் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். மாதத்துக்கு ஒரு முறை ஜகார்த்தாவிலிருந்து ஒருவர் வந்து அந்தக் கணினியைச் சரிசெய்துவிட்டுப் போவார். இமாஸ் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். நாலாவது மாதம் அந்த மனிதர் திரும்பி, "என்ன பார்க்கிறே, புரியுதா?" என்று சிரித்தாராம். "அஞ்சாவது வரியில ரெண்டு தடவை ஒரே கேள்வி கேட்கிறீங்க" என்றாராம் இமாஸ். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அஞ்சாவது வரியைப் பார்த்தார். அடுத்த முறை வரும்போது, பக்கங்கள் கலைந்த, நகலெடுத்த நிரல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இமாஸ் எழுதிய முதல் நிரல், யார் எந்த ஷிப்டு என்று பட்டியல் போடுவது. அதுவரை அந்தப் பட்டியலைப் போட்டுவந்த மேற்பார்வையாளர், தனக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் பகல் ஷிப்டு கொடுத்துவந்தவர். இமாஸோடு ஒரு வருடம் அவர் பேசவில்லை.

அப்போதிலிருந்து இன்றுவரை இமாஸ் நான்கு கணினி மொழிகளில் வேலை செய்திருக்கிறார். ஒவ்வொன்றும் வரும்போது, இனி இதுதான், வேறு எதுவும் தேவைப்படாது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கணவர் டாடன், நகரத்தில் பச்சை நிற மினி வேன் ஓட்டுகிறவர். "எங்க வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷமா ஒரே ரூட்ல வண்டி ஓட்டுறார். எனக்குத்தான் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை ரோட்டையே பேர்த்துடறாங்க" என்பார் இமாஸ். 'நாலு மொழி' என்ற பட்டத்தை அவருக்கு வைத்தவரும் டாடன்தான். "நாலு மொழி தெரியும், ஆனா கடைக்காரன்கிட்ட பேரம் பேசத் தெரியாது" என்பது அதன் முழு வடிவம்.

நாற்பத்தொரு வயதில் நாலாவது மொழி வந்தபோது, கல்லூரி முடித்த பையன்களோடும் பெண்களோடும் உட்கார்ந்து பயிற்சி எடுத்தார். முதல் தேர்வில் இருபதுக்கு ஐந்து. அந்த விடைத்தாளை மடித்து விசைப்பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி, பிறர் எழுதிய நல்ல நிரல்களைக் கையால் பார்த்து எழுத ஆரம்பித்தார். சின்னவர்களுக்குச் சிரிப்பு. "விரலுக்கு ஏறினாத்தான் தலைக்கு ஏறும், எனக்கு அப்படித்தான் படைச்சிருக்கு" என்றார். எட்டு மாதத்தில் அந்தப் பயிற்சி வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பாதி இவரிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவரிடம் இன்னொரு விசித்திரப் பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு நாள் விடுப்பு எடுத்து, நல்ல பாட்டிக் சட்டை போட்டுக்கொண்டு, வேறு ஏதாவது ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போவார். வேலையில் சேர்வதற்காகப் போவதில்லை.

"எனக்கு என்ன தெரியலன்னு அவங்க ஓசியில சொல்லிடுவாங்க, காங். இதுக்கு வெளியில கிளாஸ் போனா எவ்வளவு கேட்கிறான் தெரியுமா?"

பதில் தெரியாத கேள்விகளை லிப்டிலேயே நின்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். அந்த வருடம் முழுக்க அவர் படிக்கப்போவது அதைத்தான். இரண்டு முறை மேலாளர் பதவி தேடி வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றார். "புரோகிராம் தப்பா போனா திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஆளுங்களைத் திருப்பிப் போட முடியுமா?" இப்போது கணினியே நிரல் எழுதித் தருகிறதே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அவரும் தினமும் அதைப் பயன்படுத்துகிறவர்தான். "நல்லாத்தான் எழுதுது. ஆனா கூச்சமே இல்லாம எழுதுது. தெரியாததையும் தெரிஞ்ச மாதிரியே எழுதுது. பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும்" என்றார்.

சென்ற வருடம் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னால்தான் இமாஸைச் சொன்னதாகும்.

அந்த வாரம் எங்களுக்கு முக்கியமானது. பழைய மென்பொருளை மூட்டை கட்டிவிட்டு, இரண்டு வருடமாக எழுதிய புதியதை வியாழக்கிழமை மாவட்டச் சுகாதார அதிகாரிகளிடம் காட்டுவதாக இருந்தது. வாஹ்யுவுக்கு வயதாகிவிட்டதால் கம்பெனியைக் கிலாங் நடத்தினார். முப்பத்து மூன்று வயது. வேகமாகப் பேசுவார், நேர்மையானவர், வயிற்றுப்புண் உள்ளவர். புதிய மென்பொருளுக்கு இமாஸைத் தலைமைப் பொறியாளராக வெள்ளிக்கிழமை அறிவிப்பது என்று முடிவாகியிருந்தது. ஆட்களை மேய்க்க வேண்டாத, நிரலை மட்டும் பார்த்துக்கொள்கிற பதவி. அவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்த முதல் பதவி. அந்த வாரம் இரண்டு தடவை அவர் தனக்குள் பாடியதைக் கேட்டேன்.

பத்து மணி இருக்கும். மலை மேல் பாசிர் கெமாங் சுகாதார நிலையத்திலிருந்து நுனுங் என்ற செவிலி கூப்பிட்டார். அங்கே மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இமாஸ் எப்போதும் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத்தான் பேசுவார், கை விசைப்பலகையில் இருக்கவேண்டும் என்பதற்காக.

"தெத்தே, எங்க ஊர்ல இயாம்னு ஒரு அம்மா இறந்துட்டாங்க."

"அய்யோ. எப்போ?"

"உங்க சிஸ்டம் சொல்லுது, ஆகஸ்ட்லயாம். ஆனா அவங்க இப்ப என் எதிர்ல உட்கார்ந்து மரவள்ளி வறுவல் தின்னுட்டிருக்காங்க. இருமல் மருந்து வேணுமாம். செத்தவங்களுக்கு மருந்து எழுத விடமாட்டேங்குது."

அலுவலகம் சிரித்தது. இமாஸும் சிரித்தார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "நான் என்னத்துல செத்தேன்னு கேளும்மா" என்றது. நுனுங்குக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவர் சொன்னார்:

"தெத்தே, இங்க மேசை டிராயர்ல பழைய நர்ஸு ஒரு நோட்டு வச்சிருக்காங்க. அதுல எழுதியிருக்கு: 'இயாம் ரெண்டு பேர். மிஷினுக்கு ஒருத்தரைத்தான் தெரியும்.' இந்த மாதிரி இன்னும் நாலஞ்சு பேர் எழுதியிருக்கு."

இமாஸின் கை விசைப்பலகையை விட்டு எழுந்தது.

இரண்டு இயாம்கள். இரண்டு பேருக்கும் ஒற்றைப் பெயர், எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பிறந்த நாள் தெரியாதவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை எழுதியவர் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார், அதனால் பிறந்த நாளும் ஒன்று. ஊரும் ஒன்று. ஒருவர் ஆகஸ்ட்டில் சர்க்கரை நோயில் இறந்துபோனார். இன்னொருவர் மரவள்ளி தின்றுகொண்டிருந்தார். எங்கள் கணினிக்கு இருவரும் ஒரே ஆள்.

இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும் விதி இருந்த கோப்பை இமாஸ் திறந்தபோது நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். விதி மூன்றே வரி. பெயர், பிறந்த தேதி, ஊர் மூன்றும் ஒத்துப்போனால் இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கு. வேறுபாடு இருந்தால் கடைசியாகச் சொன்னதை வைத்துக்கொள். மேலே: இமாஸ், ஆகஸ்ட் 2008.

ஒரே ஆளுக்கு நாலு அட்டை இருந்த காலம் அது. அந்த விதிக்காக அவரை மேடையில் கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையேட்டில் அதைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினேன்: 'இரட்டைப் பதிவுகளைத் தானாகவே நீக்கும் சிறப்பு வசதி.' அதை அச்சில் பார்த்துப் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது.

இமாஸ் மதியத்துக்குள் எண்ணி முடித்தார். சந்தேகப்படும்படி நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். நுனுங் கேட்டுச் சொன்னபடி, உயிரோடிருக்கும் இயாமுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. இறந்தவருக்கு ஒத்துக்கொள்ளும். கடைசியாகச் சொன்னவர் இறந்தவர். ஆகவே கோப்பில் 'ஒவ்வாமை எதுவும் இல்லை' என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்துவிட்டு இமாஸ் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

முதலில் அந்த விதியை நிறுத்தினார். அடுத்து, அந்த நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளை எந்த ஆஸ்பத்திரியில் திறந்தாலும் சிவப்பாக ஒரு வரி வரும்படி செய்தார்: 'இது இரண்டு பேராக இருக்கலாம். கேட்டுவிட்டு மருந்து கொடுங்கள்.' யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிலாங்கின் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். "கையேடு நீங்க எழுதினதுதானே, வாங்க."

கிலாங் முழுவதையும் கேட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"தெத்தே, வியாழக்கிழமை டெமோ. புதுசுல அந்த விதியே இல்லை. அங்க சரியாயிடுச்சு. பழசை நாம அமைதியா சரிபண்ணிடலாம். என்ன அவசரம்?"

"புதுசுல விதி இல்ல, கிலாங். ஆனா பழைய ஆளுங்கதானே அங்க குடி போறாங்க. இங்க ஒருத்தரா இருக்கிற ரெண்டு பேர் அங்கயும் ஒருத்தராத்தான் போவாங்க."

"அதையும் சரிபண்ணுவோம். நான் வேணாம்னு சொல்லல. இந்த ரெண்டு நாள் மட்டும்."

"இந்த ரெண்டு நாள்ல ஒருத்தருக்கு ஊசி போடுவாங்களே."

"நீங்கதான் சிவப்பு வரி போட்டுட்டீங்களே!"

"போட்டேன். ஏன் வந்துச்சுன்னு அறுபத்து மூணு இடத்துலயும் கேட்பாங்க. பொய் சொல்லவா?"

கிலாங் ஜன்னலைப் பார்த்தார். வெளியே தூறல். "இங்க முப்பது குடும்பம் இருக்கு, தெத்தே. ஒப்பந்தம் போச்சுன்னா நான் யார் மூஞ்சில முழிப்பேன்?" அவர் நடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "சரி, மாவட்டத்துக்கு எழுதுவோம். ஆனா கம்பெனி பேர்ல எழுதுவோம். 'சில தொழில்நுட்பக் காரணங்களால்'னு போடலாம்" என்றார்.

"காரணத்துக்குப் பேர் இருக்கு" என்றார் இமாஸ். "இமாஸ்னு."

கடிதம் ஒரே பக்கம். மொழி பார்த்துக் கொடுக்கும்படி என்னிடம் தந்தார். 'இது என் தவறு' என்றிருந்த இடத்தில் 'விதியில் இருந்த குறை' என்று நான் மாற்றினேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

"காங், குறைன்னா அது யாரோடதும் இல்லாத மாதிரி இருக்கு. தப்புன்னா ஒரு ஆள் இருப்பாங்க. அவங்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்கட்டும்."

பழையபடியே மாற்றினேன். அதற்குக் கீழே, கையேட்டு வாக்கியம் என்னுடையது என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "உங்க தப்பு உங்களது. தனிக் கடிதம் எழுதுங்க" என்றார். எழுதினேன்.

வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்தில் புதிய மென்பொருளை யாரும் பார்க்கவில்லை. தலைமை மருத்துவர் இமாஸை மட்டும் எதிரில் நிறுத்தி வைத்துக் கேட்டார். கிலாங்கும் நானும் சுவரோரமாக.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

"பதினேழு வருஷமா, இபு." இபு என்றால் அம்மா.

"யாராவது செத்தாங்களா?"

"தெரியல, இபு. அதைத் தெரிஞ்சுக்காம நான் வேற வேலை பார்க்க முடியாது. ஊர் ஊரா போய்த்தான் பார்க்கணும். கம்ப்யூட்டர்ல சேர்த்தாச்சு, அதைக் கம்ப்யூட்டரால பிரிக்க முடியாது. ஆளுங்களைக் கேட்கணும். பழைய பேப்பர் பதிவேட்டைப் பார்க்கணும்."

"நாலு மாசம் தரேன்" என்றார் மருத்துவர். கடுமையான குரல். "அதுவரைக்கும் புதுசைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க."

வெள்ளிக்கிழமை அறிவிப்பு வரவில்லை. அடுத்த மாதம் ஜகார்த்தாவிலிருந்து ஃபெரி என்பவர் தலைமைப் பொறியாளராக வந்தார். இமாஸைப் புதிய வேலையிலிருந்து எடுத்துவிட்டுப் பழையதைத் திருத்த அனுப்பினார்கள். வாயைத் திறந்ததற்குத் தண்டனை என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் அவரிடமே கேட்டுவிட்டாள். "தண்டனை ஒண்ணுமில்ல. நான் கொட்டினதை நான் கூட்டுறேன்" என்றார். அவள் போன பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "வலிக்குது, காங். நாற்பத்தெட்டு வயசுல ஒரு பதவிக்கு ஆசைப்பட்டேன்" என்றார். பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தார். காலி. "இதையாவது நிரப்பி வைக்கமாட்டீங்களா?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

டாடன் கேட்டது ஒரே கேள்வி. "மலைக்கு எல்லாம் உன்னை யார் ஏத்திட்டுப் போறது?" வாரத்தில் மூன்று நாள் தன் வேனை மச்சானிடம் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போனார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக ரூட்டை மாற்றியிருக்கிறார் என்று நாங்கள் கேலி செய்தோம்.

முதலில் போனது பாசிர் கெமாங்குக்கு. அன்று நானும் என் வண்டியில் போயிருந்தேன். உயிரோடிருக்கும் இயாம், முட்டைக்கோஸ் வயலிலிருந்து அப்படியே சேற்றுக் காலோடு வந்தார். அறுபது வயது, உரத்த குரல்.

"நெங், நான் செத்தேன்னு எழுதினது நீதானா?"

நெங் என்றால் பெண்ணே. இமாஸை அப்படிக் கூப்பிட ஆள் குறைவு.

"நான்தான்மா. மன்னிச்சுக்கங்க."

"எந்த நோவுல?"

"சர்க்கரையில."

"எனக்குச் சர்க்கரையே கிடையாதே! ஒரு நாளைக்கு எட்டு கரண்டி போட்டு டீ குடிக்கிறேன்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கல்யாணத்துக்கு ஒருத்தி பத்திரிகை வைக்காம விட்டுட்டா. இப்பத்தான் புரியுது, செத்தவளுக்கு எதுக்குன்னு விட்டிருப்பா."

இமாஸ் சிரித்துக்கொண்டே அவருக்குப் பென்சிலின் ஆகாது என்பதைத் தானே தட்டெழுதிச் சேர்த்தார். நுனுங்கைப் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை.

பிறகு இறந்த இயாமின் மகள் வந்தார். முப்பது வயதிருக்கும். தேயிலைத் தொழிற்சாலை உடுப்பிலேயே வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவுக்கு அந்தம்மாவோட மருந்தைக் கொடுத்தாங்களா?"

நுனுங் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். இமாஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாதும்மா. உங்க கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன். ஒவ்வொரு பக்கமா. சரியா?"

அலமாரியிலிருந்து பழைய காகிதப் பதிவேடுகளை இறக்கினார்கள். பூஞ்சை வாடை. இமாஸ் விரலை வரிவரியாக வைத்து நகர்த்த, மகள் உடன் படித்தார். பழைய செவிலியின் கையெழுத்தில் ஒவ்வொரு முறையும் இயாம் என்ற பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறி: ஒருவருக்கு வட்டம், ஒருவருக்குப் பெருக்கல். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை மருந்து தொடங்கியதிலிருந்து ஆறு வருடப் பக்கங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எல்லா மாத்திரையும் உரியவருக்கே போயிருந்தது. ஒரே ஒரு நாள் குறி இல்லை. அன்று கொடுத்தது தலைவலிக்கு.

மகள் கடைசிப் பக்கத்தின் மேல் ஒரு முறை கையை வைத்தார். எழுந்து போய், மூலையில் இருந்த குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு வந்து இமாஸின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் ஒரு பஜ்ஜிக் கடையில் நின்றோம். இமாஸ் சொன்னார்: "பதினேழு வருஷம் அந்த ஊரைக் காப்பாத்தினது அந்த நர்ஸோட வட்டமும் பெருக்கலும். அவங்க ஒரு தடவை கூட என்கிட்ட புகார் சொல்லல, பாருங்க. மிஷின்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சிருக்காங்க." டாடன் அவர் தட்டில் இன்னொரு முட்டைக்கோஸ் பஜ்ஜியை வைத்தார். "சாப்பிடு. பசியில பேசினதை நீயே நம்பமாட்டே."

நாலு மாதம் என்பது ஐந்தாயிற்று. நானூற்றுப் பன்னிரண்டில் நூற்று எண்பது உண்மையாகவே ஒரே ஆள்தான். மற்றதெல்லாம் இரண்டிரண்டு பேர். முதல் பெயரை மட்டும் பதிந்த இரட்டைக் குழந்தைகள், ஒரே நாளில் பிறந்து ராசி பார்த்து ஒரே பெயர் வைக்கப்பட்ட ஒன்றுவிட்ட சகோதரர்கள், ஜனவரி ஒன்றில் பிறந்ததாக எழுதப்பட்டவர்கள். தேடியவரையில் யாரும் இறந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும், மூன்று வருடத்துக்கு முன், ஆகாத மருந்து கொடுக்கப்பட்டு உடம்பெல்லாம் தடித்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். இமாஸ் அவர் வீட்டுக்குத் தனியாகப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

ஃபெரி கெட்டவரில்லை. வந்த இரண்டாம் வாரமே இமாஸின் மேசைக்கு வந்து, "ஒரே ஆளா, ரெண்டு பேரான்னு புதுசுல எப்படி முடிவு பண்றது, தெத்தே?" என்று கேட்டார். "முடிவு பண்ணாதீங்க. கேட்க மட்டும் விடுங்க" என்றார் இமாஸ். அப்படியே எழுதினார்கள். இப்போது சந்தேகம் வந்தால் திரையில் இரண்டு பதிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், செவிலி பார்த்துச் சொல்லும்வரை கணினி காத்திருக்கும். மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாவட்ட அலுவலகம் அதில் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தது: நோயாளிப் பதிவுகளை மாற்றும் எந்த நிரலையும் இமாஸ் கோமாரியா பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஏற்ற வேண்டும். கிலாங் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார். பேச வந்து, தாளின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே நின்றார். "வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டு அவரைக் காப்பாற்றினார் இமாஸ். பதவிப் பெயர் இன்னும் மூத்த நிரலாளர்தான்.

ஒப்பந்தத்துக்கு முந்தைய வாரம், கடைசிப் பதிவு ஒன்று பாக்கியிருந்தது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆச்செங் என்ற பெயரில் இரண்டு பேர். சந்தை நாள் தவிர இருவரும் ஊரில் சேர்ந்து இருக்கமாட்டார்கள் என்பதால் சந்தை நாளில் போனோம். சுகாதார நிலையத்து வராந்தாவில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. நோயாளிகள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இமாஸ் மடிக்கணினியைத் திறந்து, "பாக் ஆச்செங்!" என்று, ஐயா என்பதுபோல மரியாதையாகக் கூப்பிட்டார்.

பெஞ்சில் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் நெட்டை, சட்டைப் பையில் புகையிலைப் பொட்டலம். இன்னொருவரின் விரல் நகங்களில் எண்ணெய்க் கறுப்பு. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அவர் புகையிலை ஆச்செங், இவர் பட்டறை ஆச்செங்" என்றார் ஊர்த் தன்னார்வலர், இதில் என்ன குழப்பம் என்பதுபோல.

"நீங்க போங்க."

"இல்ல, நீங்கதான் முதல்ல வந்தீங்க. போங்க."

இருவரும் மேசைவரை வந்து, எதிரில் இருந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இமாஸ் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, மற்றதன் பக்கத்தில் போட்டார். இரண்டு ஆச்செங்குகளும் உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு திரும்பிப் போய், மேசைமேல் குனிந்து, நின்றபடியே தட்டெழுத ஆரம்பித்தார்.